இரண்டு முகப்புள்ள புத்தகம்

கண்டியில், கொழும்புத் தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் இரண்டு எழுத்துகள் குடியிருந்தன. வாப்பாவின் பத்திரிகை தமிழ் எழுத்தில் வரும். உம்மாவும் என் மூத்த சகோதரியும் படித்ததெல்லாம் அரபு எழுத்தில் இருந்தது. மொழி ஒன்றுதான், இரண்டும் தமிழ்தான். ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழ் வலமிருந்து இடமாக ஓடும். எங்கள் பெண்கள் குர்ஆன் ஓதப் பழகும்போதே அதையும் பழகிக்கொள்வார்கள். அத்தோடு படிப்பு முடிந்துவிடும். எனக்கு மட்டும் வாப்பா ஏதோ நல்ல மனநிலையில் சில வருஷம் தமிழ்ப் பள்ளிக்கூடமும் காட்டியிருந்தார். ஆகவே எங்கள் வீட்டுப் பெண்களில் இரண்டு எழுத்தும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையை நான் ஒரு நாளும் அடக்கி வைத்ததில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. என் சகோதரியை நான் ராத்தா என்று அழைப்பேன். அவளைத் தெல்தெனியவில் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மச்சான் நல்ல மனுஷர். ராத்தாவும் நல்லவள். இரண்டு நல்லவர்கள் வீம்பு பிடித்தால் என்ன ஆகும் என்பதை அந்த வருஷம் நாங்கள் வீட்டோடு இருந்து பார்த்தோம்.

ராத்தா நோன்புப் பெருநாளுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பெருநாள் கழிந்ததும் மச்சான் வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு. அவர் வரவில்லை. கடையில் வேலை அதிகமாம். மிளகும் பாக்கும் ஏற்றிக் கண்டிக்கு வந்த தன் மாட்டு வண்டிக்காரனிடம், திரும்பி வரும்போது பெண்சாதியையும் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். வண்டி வாசலில் வந்து நின்றது. ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வண்டியில் மண்ணெண்ணெய்த் தகரங்களுக்கும் சீனி மூட்டைக்கும் நடுவில் ஒரு பாய் விரித்திருந்தது.

"நான் என்ன அரிசி மூட்டையா, ஏத்தி அனுப்புறதுக்கு?" என்றாள். "அவருக்கு வர ஏலாட்டி எனக்கும் போக ஏலா."

வண்டி பாயோடு திரும்பிப் போனது. தெல்தெனியக் கடைத்தெருவே பார்க்க, பெண்சாதி இல்லாத வண்டி வந்து நின்றது மச்சானுக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. அவளாகத்தான் வண்டியைத் திருப்பி அனுப்பினாள், அவளாகவே வரட்டும் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவரும் வரவில்லை, இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவரும் போகவில்லை.

ராத்தா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தெல்தெனிய பஸ்ஸின் ஹார்ன் சத்தம் அவளுக்குத் தனியாகத் தெரியும். அது கேட்டால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போவாள். ஏன் என்று கேட்டால் கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்ததாகச் சொல்லுவாள். மழைக்காலத்தில் எந்தத் துணி காயும்? எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

ஒரு நாள் வாப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு உம்மாவிடம் சொன்னார்: "ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும். பள்ளிவாசல் மரைக்கார்மாரக் கூப்பிட்டுப் பேசி இந்தக் கலியாணத்த அறுத்துடுவோம். புள்ளய இப்பிடி ரெண்டுங்கெட்டானா வெச்சிருக்க ஏலா."

அடுத்த அறையில் ராத்தா இருந்தாள். தையல் ஊசியோடு இருந்த அவளுடைய கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு மறுபடியும் தைக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெருநாளுக்காக அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் அரபு எழுத்தில் இருந்த உம்மாவின் பழைய மார்க்கப் புத்தகம், கிதாபு. மற்றக் கையில் என் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகம். தூசி தட்டுவதற்காக இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பிடித்தேன். தமிழ்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கமும் கிதாபின் கடைசிப் பக்கமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. தையல் இரண்டுக்கும் ஒரே பக்கத்தில் இருந்தது. இந்தப் பக்கம் பார்த்தால் ஒரு முகப்பு. திருப்பிப் பார்த்தால் இன்னொரு முகப்பு. பின்னட்டை என்ற ஒன்றே இல்லை!

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே புத்தகம், இரண்டு தொடக்கம். இடப்பக்கத்திலிருந்து தமிழ் எழுத்தில் மச்சான் புறப்படுவார். வலப்பக்கத்திலிருந்து அரபு எழுத்தில் ராத்தா புறப்படுவாள். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் இருவருக்கும் இடையில் உள்ள தாள் குறையும். நடுப்பக்கத்தில் சந்திப்பார்கள். வேறு எங்கும் சந்திக்க முடியாது, புத்தகம் விடாது. கண்டிக்கும் தெல்தெனியவுக்கும் நடுவில் மகாவலி ஓடுகிறது, அதன் மேல் பாலம் இருக்கிறது. நடுப்பக்கம் பாலம்! துடைப்புத் துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய கணவர் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் தையலும் சித்திரமும் படித்தவர். பிள்ளைகள் இல்லாததால் பகல் முழுவதும் வீடு அமைதியாக இருக்கும். அவருடைய சாப்பாட்டு மேசை பெரியது. அந்த மேசைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும் என்று நான் வேடிக்கையாகச் சொல்லுவேன்.

நான் மூச்சிரைக்கச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "உமக்கென்ன விசரோ பிள்ளை?" என்றார். பிறகு மேசையில் ஒரு தாளை விரித்தார். "பாலத்தின்ர படத்தை நான் கீறித் தாறன்" என்றார்.

கதையை நான் எழுதினேன். ஒரு ஊரில் ஒரு வியாபாரி இருந்தான். அவன் மனைவி தாய்வீட்டுக்குப் போனாள். அவளை அழைத்து வர அவன் தான் போகாமல் வெறும் பல்லக்கை அனுப்பினான். மாட்டு வண்டியைப் பல்லக்காக மாற்றினேன், அவ்வளவுதான் என் கற்பனை. ஆனால் அதை எழுதும்போது நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. வியாபாரி ஊரை விட்டுக் கால்நடையாகக் கிளம்புகிறான். கடைத்தெருவைக் கடக்கிறான், மிளகுத் தோட்டத்தைக் கடக்கிறான், மழையில் நனைகிறான். அவனை நன்றாக நனைய வைத்தேன். அந்தப் பக்கம் மனைவியும் யாருக்கும் சொல்லாமல் கிளம்புகிறாள். வாவிக்கரையைக் கடக்கிறாள், மலை இறக்கத்தில் செருப்பு அறுகிறது. இருவரும் மற்றவர் வருவது தெரியாமலே நடக்கிறார்கள்.

எல்லாப் பக்கத்துக்கும் அடியில் ஒரு வீதி ஓடியது. சிவப்பு மையால் ஒரே கோடு. ஒரு தாளின் ஓரத்தில் அது எந்த உயரத்தில் முடிகிறதோ, அடுத்த தாளில் அதே உயரத்தில் தொடங்கும். ஏற்றத்தில் ஏறும், இறக்கத்தில் இறங்கும். கண்டிக்கும் தெல்தெனியவுக்கும் இடையில் உள்ள அந்த வீதியில் நான் இரண்டு தரம்தான் போயிருக்கிறேன், அதுவும் திரை கட்டிய வண்டியில். திரையின் இடுக்கால் பார்த்தது எல்லாம் அப்போது உதவியது.

தாள் திருகோணமலை வீதியில் வாங்கியது. நான்கு நான்காக மடித்து, மடிப்பில் ஊசி குத்தித் தைத்தோம். தையல் எப்படி என்று தெரிய, வெள்ளைக்காரர் வீட்டுப் பழைய தாள்களோடு வாப்பாவின் துணிக்கடைக்குப் பொட்டலம் கட்ட வந்திருந்த ஒரு விதை விலைப்பட்டியல் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்திருந்தேன். அக்காவின் கணவர் கச்சேரிக் கந்தோரில் பயன்படுத்தும் ஒட்டுப்பசையைத் தருவதாகச் சொன்னார். எந்த மிருகத்தின் தோலைக் காய்ச்சியதோ தெரியாது, அரபு எழுத்துக்கு அது ஆகாது என்று மறுத்துவிட்டேன். கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அண்டாமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தோம். அக்காவின் அடுப்படி முழுவதும் பசை. அவர் முகம் சுளிக்கவே இல்லை.

பாலம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. நடுவில் நீளமான ஒரு தாளை வைத்து, அதன் இரண்டு ஓரங்களையும் கதவு போல உள்ளே மடித்தோம். இடக்கதவைத் திறந்தால் பாலத்தின் ஒரு பாதியும் அதில் நிற்கும் வியாபாரியும். வலக்கதவைத் திறந்தால் மற்றப் பாதியும் மனைவியும். இரண்டையும் திறந்தால்தான் ஆறு முழுதாகத் தெரியும். எப்படி இருக்கிறது! நான் அவசர அவசரமாக நடுவில் ஊசியைக் குத்தி இறுக்கித் தைத்தேன். தைத்து முடித்துத் திறந்து பார்த்தால் கதவு திறக்கவில்லை. மடித்த ஓரங்கள் நடு மடிப்பு வரைக்கும் நீண்டிருந்தன, அவற்றையும் சேர்த்துத் தைத்திருந்தேன். அழகான பாலத்தைப் பூட்டுப் போட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது.

நான் ஊசியை வீசி எறிந்துவிட்டு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். அக்கா என் பக்கமே திரும்பவில்லை. தையலைப் பிரித்தார். கதவு இரண்டையும் ஒரு விரல் அகலம் குறைத்து வெட்டினார். "ஆறுதலாத் தையும் பிள்ளை. பாலம் எங்கையும் ஓடாது" என்றார்.

முகப்புகளுக்கு வாப்பாவின் கடையில் மிஞ்சிய துண்டுகள். தமிழ்ப் பக்கத்துக்கு மச்சான் உடுத்தும் மாதிரிக் கட்டம் போட்ட சாரன் துணி. அரபுப் பக்கத்துக்குப் பச்சைப் பட்டு. அரபுப் பக்கத்தை எல்லாரும் செய்வது போல பிஸ்மில்லாஹ்வோடு தொடங்கியிருந்தேன். புத்தகம் கல்லுக்கு அடியில் இருந்து காய்ந்து வெளியே வந்தபோது அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தேன். அப்படி ஒரு பொருளைக் கண்டியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறு முழுதாகத் தெரிய இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். தமிழ்ப் பாதி அவருக்கு, அரபுப் பாதி ராத்தாவுக்கு. என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டது. சண்டை ஒரு பக்கம் இருக்க, வியாபாரத்துக்காக மச்சானின் அதே மாட்டு வண்டி வாப்பாவின் கடைத் துணி ஏற்றிப்போக வந்தது. புத்தகத்தை ஒரு கூடையில் வைத்து மச்சானுக்கு அனுப்பிவிடுவது, அவர் வாசித்துவிட்டு ஓடி வருவது, இதுதான் என் திட்டம். கூடையில் உம்மா ஏற்கெனவே வண்டிக்காரனின் வீட்டுக்கென்று கருவாடு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நான் துணியில் சுற்றிய புத்தகத்தை உள்ளே வைக்கும்போது உம்மா பார்த்துவிட்டார்.

"என்ன அது?" என்று எடுத்துப் பிரித்தார். பச்சைப் பட்டு மேலே இருந்தது. முதல் தாளைத் திறந்தார். பிஸ்மில்லாஹ்.

உம்மாவின் முகம் மாறியது. "யா அல்லாஹ்! கிதாபயா கருவாட்டோட வெச்ச?" புத்தகத்தை உதட்டில் வைத்து முத்தினார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கைகால் முகம் கழுவி ஒளு செய்யாமல் தொட்டுவிட்டேனே என்று பதறியபடி மேலும் ஒரு தாளும் திறக்காமல், ஸ்டூல் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான். வீதியில் கிடக்கும் துண்டுத் தாளில் அரபு எழுத்து இருந்தாலும் எடுத்து முத்தி உயரத்தில் வைப்போம். அதில் மருந்து விளம்பரம் இருக்கிறதா, காதல் கதை இருக்கிறதா என்று யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை.

நான் என்ன சொல்வது? அது கிதாபு இல்லை, உங்கள் மகளின் சண்டைக்கதை என்று சொன்னால் என் தோல் உரிந்துவிடும். "மச்சானுக்குக் குடுக்கத்தான்" என்று மட்டும் வந்தது.

"அப்ப அவர் வந்து எடுக்கட்டும்" என்றார் உம்மா. வாசலுக்குப் போய் வண்டிக்காரனிடம் சொன்னார்: "எங்கட மருமகனுக்கு ஒரு கிதாபு ஈக்குது. இத மாட்டுக்குப் பின்னால ஏத்தி அனுப்ப ஏலா. ஒளுவோட வந்து கையில எடுத்துட்டுப் போகச் சொல்லு."

நான் கருவாட்டுக் கூடையை மூடி வைத்துவிட்டு அலுமாரியை அண்ணாந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மச்சான் வந்தார். தெல்தெனிய பஸ்ஸின் ஹார்னுக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். வெள்ளைத் தொப்பி, கஞ்சி போட்ட சட்டை, அத்தர் வாசம். கையில் புதிய வெள்ளைத் துணி ஒன்றை மடித்து வைத்திருந்தார். ராத்தா கதவிடுக்கால் பார்த்தாள். அவளுடைய முகம் அப்படி மலர்ந்து நான் இரண்டு மாதமாகப் பார்த்திருக்கவில்லை. உள்ளே ஓடிப்போய் முகம் கழுவினாள். பெட்டியைத் திறந்து நல்ல சேலை ஒன்றை எடுத்தாள். என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

முன்னறையில் வாப்பா கதிரையைக் காட்டினார். மச்சான் உட்காரவில்லை. "கிதாபு ஒன்டு ஈக்குதாம், வந்து எடுக்கச் சொன்னாங்க" என்றார்.

ராத்தாவின் கையிலிருந்து சேலை நழுவியது. அடுத்த நிமிஷம் அவள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, முன்னறைக்கு நன்றாகக் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்: "பாத்தியா? கிதாபுக்கு அவரே வாரார். எனக்கு மட்டும் மாட்டு வண்டி."

வாப்பாவின் முகம் கறுத்துவிட்டது. மரைக்கார்மார் வரும்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை, எல்லாம் இப்போதே முடிந்துவிடும் போல இருந்தது. இத்தனைக்கும் காரணம் என் புத்தகம். அதை அலுமாரிக்கு மேலேயே தூசி பிடிக்க விட்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

உம்மா ஒளு செய்துவிட்டு வந்து, ஏறி, புத்தகத்தை எடுத்துப் பச்சைப் பட்டு மேலே இருக்க நீட்டினார். மச்சான் தலை குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை. "மச்சான், மத்தப் பக்கத்தால தொறங்கோ!" என்று திரைக்குப் பின்னாலிருந்து கத்திவிட்டேன்.

அவர் திருப்பினார். சாரன் துணியைப் பார்த்தார். "இது என்ன கிதாபு? ரெண்டு பக்கமும் மொகப்பு ஈக்குது" என்றார். ஆனாலும் திறந்தார். எழுத்தைக் கண்டால் வாய்விட்டு வாசிப்பதுதான் அவருடைய பழக்கம், கடையில் பத்திரிகையையும் அப்படித்தான் எல்லாருக்கும் கேட்க வாசிப்பார். ஒரு ஊரில் ஒரு வியாபாரி என்று தொடங்கினார். பல்லக்கு வந்ததும் குரல் தடுக்கியது. உம்மாவின் வாய் பிளந்தது. வாப்பா சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த இடத்தில் மூடி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. நின்றபடியே வாசித்தார், பிறகு கதிரையில் உட்கார்ந்து வாசித்தார். மழையில் நனையும் இடத்தில் லேசாகச் சிரித்தார். சிவப்பு வீதியின் மேல் அவருடைய விரல் போய்க்கொண்டிருந்தது. ராத்தா திரையோடு ஒட்டி நின்று கேட்டாள். பாலம் வந்தது. இடக்கதவைத் திறந்தார். அதில் வியாபாரிக்கு நான் எழுதிக் கொடுத்த கடைசி வரி இருந்தது. அதையும் வாய்விட்டு வாசித்தார்.

"பல்லக்கை அனுப்பினேன். நான் வந்திருக்க வேண்டும்."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். அவருடைய கை வலக்கதவின் மேல் போய் நின்றது. அப்போதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்கு உறைத்தது. ராத்தாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, சரி. ஆனால் மச்சான் குர்ஆன் முழுவதையும் ஓதி முடித்தவர். பள்ளிவாசலில் மற்றவர்கள் தடுமாறினால் திருத்திக் கொடுப்பவர். அந்தக் கதவையும் அவரே திறக்கலாம், அவளுடைய பாதியையும் அவரே வாசித்து முடிக்கலாம், புத்தகத்தை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடலாம். இருவரும் பக்கத்தில் உட்கார வேண்டிய தேவையே இல்லை. நான் திரையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மச்சான் கையை எடுத்தார். திரையின் பக்கம் பார்க்காமல், புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"இந்தப் பக்கத்து எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியா."

உம்மா, "என்ன மகன் பேசுற..." என்று தொடங்கினார். வாப்பா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

ராத்தா திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். நல்ல சேலை உள்ளே தரையில் கிடந்தது, உடுத்தியிருந்த பழைய சேலையோடுதான் போனாள். அவர் எதிரில் நின்றாள்.

"உங்களுக்கு இது வாசிக்கத் தெரியாதா?"

"தெரியா" என்றார் மச்சான்.

அவள் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, பச்சைப் பட்டைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினாள்.